பட்டை போட்ட மேளம்

என் மனைவி இருந்த வரைக்கும் ஆம்பூரில் பேண்டு வாத்தியம் எந்தத் தெருவில் வாசிக்கிறது என்று நான் கவனித்தவனே இல்லை. கவனிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. எங்கோ ஒரு மூலையில் பெரிய மேளம் ஒரு தட்டுத் தட்டினால் போதும், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு அவள் வாசலுக்குப் போய்விடுவாள். களி கிண்டிய துடுப்பு கையிலேயே இருக்கும். "வர்றாங்க, வர்றாங்க" என்று எனக்கும் தெருவுக்கும் சேர்த்துச் சொல்லுவாள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையாட்டுவேன். எங்கள் வீட்டில் காது வேலை முழுவதும் அவளுடையது.

அவள் போன பிறகு அந்த வேலை என் தலையில் விழுந்தது.

பேண்டு என்றால் எங்கள் ஊர்ப் பேண்டு. அதற்கு வேறு பெயர் கிடையாது. பேண்டு மாஸ்டர் பெங்களூர் தண்டில், அதாவது பட்டாளம் தங்கும் பேட்டையில், சிப்பாய்களோடு கிளாரினெட் ஊதிவிட்டு, வயதானதும் ஊர் திரும்பியவர். வந்த கையோடு எங்கள் சபை வாலிபர் சிலரையும் தோல் கிடங்கு ஆட்கள் சிலரையும் பிடித்துப் பழக்கி, சிவப்புச் சட்டையும் பித்தளைப் பொத்தானும் மாட்டி வரிசையாக நிறுத்திவிட்டார். ஒரு கிளாரினெட், இரண்டு பித்தளைக் குழல், ஒரு சின்ன மேளம், ஒரு பெரிய மேளம், ஒரு ஜோடி ஜால்ரா. சாயபு வீட்டு நிக்காவுக்கும் அவர்கள்தான், அம்மன் திருவிழாவுக்கும் அவர்கள்தான், கிறிஸ்துமஸ் காலையில் எங்கள் கோயில் வாசலிலும் அவர்கள்தான். முந்தின நாள் நிக்காவில் கேட்ட அதே மெட்டு மறுநாள் நம்முடைய வாசலில் மெதுவாக நடந்து வரும். உபதேசியார் முகத்தைச் சுளிப்பார். என் மனைவி மட்டும், கர்த்தருக்கு எல்லாத் தெருவும் தெரியும், நேற்றைக்கே கேட்டிருப்பார் என்பாள்.

அவளுக்கும் அந்தப் பேண்டுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஊர்வலம் எங்கள் தெரு வழியாகப் போனால், பெரிய செம்பு நிறைய மோர் கரைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். அவர்கள் எங்கள் வீட்டெதிரே நின்று, மாஸ்டர் தாமே கட்டிய மெட்டு ஒன்றை வாசிப்பார்கள். அதற்கு வார்த்தை கிடையாது. தண்டில் இருந்த நாளில் வீட்டு நினைவு வரும்போது ஊதிப் பார்த்தது என்று அவர் சொன்னதுண்டு. மாப்பிள்ளை வீட்டார் குதிரையை நிறுத்திக்கொண்டு முணுமுணுத்தாலும் அந்த மெட்டு முடியாமல் ஊர்வலம் நகராது.

வார்த்தை இல்லாத அந்த மெட்டுக்கு என் மனைவி வார்த்தை போட்டுவிட்டாள். அதற்குக் காரணம் நான்தான்.

அப்போது நான் தோல் பதனிடும் கிடங்கில் பட்டைத் தொட்டி மேஸ்திரி. ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டு, மயிரை எடுத்து, சதையை வழித்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீர் காட்டி எண்ணெய் தடவி எடுத்தால், கையில் எடுத்தவர்கள் கீழே வைக்க மாட்டார்கள். அதெல்லாம் கப்பலேறிச் சீமைக்குப் போகும். ஒரு வருஷம் பேண்டின் பெரிய மேளத்துக்குத் தோல் தேவைப்பட்டது. நம்ம வீட்டுக்காரர் கொடுப்பார் என்று என் மனைவி என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டாள். நானும் முதலாளியிடம் சொல்லி நல்ல தோலாக ஒன்று எடுத்து, கைத்திறமை முழுவதையும் அதில் காட்டினேன்.

மேளத்துக்கு வேண்டியது பச்சைத் தோல். பட்டைத் தண்ணீர் பட்ட தோல் செருப்புக்கு ஆகும், பெட்டிக்கு ஆகும், மேளத்துக்கு ஆகாது. ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் நல்ல தோல் என்றாலே பட்டை ஏறின தோல் என்று பழகிப்போன கை, சுண்ணாம்பிலிருந்து எடுத்த தோலைத் தானாகவே பட்டைத் தொட்டிக்குக் கொண்டுபோய்விட்டது. புத்தி பின்னால் நடந்து வந்தது.

மேளக்காரன் முதல் அடி அடித்தான். மெத்தையைத் தட்டியது போல 'தொப்' என்றது. இன்னும் பலமாக அடித்தான். இன்னும் பெரிய மெத்தை. மாஸ்டர் பட்டாளத்து மரியாதை தெரிந்தவர். தோலைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்குது மேஸ்திரி. எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் தெச்சிக்கிறேன்" என்றார். என் மனைவி வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அன்று சாயங்காலமே பாட்டு தயாராகிவிட்டது.

பட்டை போட்ட மேளம், எங்க
மேஸ்திரி போட்ட மேளம்,
தட்டினாக்கா பேசாது, அது
தூங்கிப்போன மேளம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பாட்டுக்கு ஓய்வே இல்லை. கேட்டதற்கு நான் பதில் சொல்லத் தாமதித்தால் பாட்டு. ஜெபக் கூட்டத்தில் கண்ணை மூடினவன் மற்றவர்கள் ஆமென் சொன்ன பிறகும் திறக்காவிட்டால், பக்கத்திலிருந்து மெதுவாகப் பாட்டு. தங்கவயலில் வேலையிலிருக்கும் எங்கள் மகன் லீவுக்கு வந்தால் அவனோடு சேர்ந்து இரட்டைக் குரலில் பாட்டு. ஜனங்கள் பேண்டின் மெட்டை முணுமுணுக்கும்போது எனக்கு மட்டும் அது என்னைக் கேலி செய்வதாகத்தான் கேட்கும்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. வேலூருக்குக் கொண்டுபோக வண்டி பேசி வைத்திருந்தோம். வண்டி வருமுன்னே கர்த்தர் அழைத்துக்கொண்டார். அன்று பேண்டு பேர்ணாம்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. வழியெல்லாம் வெள்ளம். அவர்கள் திரும்பி வருமுன் அடக்கம் முடிந்துவிட்டது. எந்த வாத்தியத்துக்குக் களித் துடுப்போடு ஓடுவாளோ அந்த வாத்தியம் இல்லாமலே அவளை மண்ணுக்குக் கொடுத்தோம்.

மாஸ்டர் வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலில் நின்றார். போகும்போது தம் ஆட்களுக்கு ஓர் உத்தரவு போட்டார். துக்க வீட்டைத் தாண்டும்போது வாத்தியத்தை நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். மசூதியைத் தாண்டும்போது நிறுத்துவதுபோலத்தான். கொஞ்ச நாள் போனால் அந்த நிறுத்தம் தானாக விட்டுப்போகும். ஆனால் மாஸ்டர், மோர் கொடுத்த கைக்கு மரியாதை, வருஷம் திரும்புகிற வரைக்கும் மேஸ்திரி வாசலில் ஒரு சத்தம் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

தை மாதத்தில் முதல் ஊர்வலம் வந்தது. தெருமுனைப் புளியமரம் வரைக்கும் பெரிய மேளம் தடதடவென்று வந்தது. நான் என்னையறியாமல் எழுந்து வாசலுக்குப் போனேன். கையில் துடுப்பு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். புளியமரம் திரும்பியதும் எல்லாம் நின்றுபோயிற்று. செருப்புச் சத்தமும் குதிரைக் குளம்புச் சத்தமும் மட்டும் என் வீட்டைத் தாண்டிப் போயின. மாஸ்டர் வாசலைப் பார்த்துப் பட்டாளத்து சலாம் ஒன்று வைத்தார். கிணற்றடி தாண்டியதும் மேளம் மறுபடி ஆரம்பித்தது.

அந்த மரியாதையைக் குறை சொல்ல முடியுமா? அன்பினால் செய்கிறார்கள். ஆனால் நான் உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டேன். அவளுக்குப் பிரியமான சத்தம் ஊர் பூராவும் கேட்கிறது, அவள் வாசலில் மட்டும் கேட்கவில்லை. அந்த வருஷம் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த மெட்டு என் வாசலில் ஒரு தரம் கேட்க வேண்டும். துக்க வீட்டுக்காரன் இதை யாரிடம் போய்க் கேட்பான்? ஆண்டவரிடம் மட்டும் கேட்டேன். ஆண்டவரே, என் வாசலில் பேண்டு வைக்கச் சொல்லும் என்று முழங்காலில் நின்று ஜெபித்தேன். அவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

ஜெபத்துக்குப் பதில் வந்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் வேறு விதமாக வந்தது. வாசலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் பேண்டு வந்து நின்றது.

கிடங்கில் தொட்டியிலிருந்து தோலை இழுத்துப் போடுகிறவன் பேண்டில் சின்ன மேளக்காரன். இத்தனை வருஷம் என் கண்முன்னே வேலை செய்தவன். அவன் ஒவ்வொரு தோலையும் தாளத்தோடுதான் கல்லின்மேல் போடுகிறான் என்று அந்த வருஷம்தான் தெரிந்தது. இரண்டு சின்னது, ஒரு பெரியது. இரண்டு சின்னது, ஒரு பெரியது. நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றதில், வேலையில் ஏதோ குறை கண்டுவிட்டேன் என்று பயந்து தாளத்தை விட்டுவிட்டான். தாளம் தப்பிப் போட்ட தோல்கள் எல்லாம் மறுபடி தொட்டியிலேயே விழுந்தன.

சந்தையில் வெற்றிலைக் கட்டைத் தட்டித் தட்டித் தண்ணீர் தெளிக்கிறவர் ஜால்ராக்காரர். பாலாற்று மணலில் வண்ணார் காயப்போட்ட துணிகளுக்கு நடுவே சிவப்புச் சட்டைகள் வரிசையாகக் கை விரித்துப் படுத்திருக்கும், ஆறு பேரும் களைத்துத் தூங்குவதுபோல. கூட்ஸ் வண்டி ஆம்பூருக்குள் நுழையும்போது போடுகிற கூவல், மாஸ்டர் கிளாரினெட்டில் எடுக்கிற முதல் சுரம். வேலூருக்குப் புதிதாக விட்டிருந்த மோட்டார் பஸ்ஸின் ஊதுகுழல் அவருடைய கடைசி மாணாக்கன் ஊதுவதுபோலத் தப்பாக ஊதும். ஒருமுறை கடுக்காய் விஷயமாகக் காட்பாடி ஜங்ஷனில் இறங்கினேன். அங்கேயாவது நிம்மதி என்று பார்த்தால், பித்தளைக் குழலைத் தலையணை உறையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு எங்கள் குழல்காரர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னா மேஸ்திரி, எங்க பின்னாலயே வர்றீங்களா?" என்றார்.

"நீங்கதான் எனக்கு முன்னாலயே வந்து உக்காந்துக்கிறீங்க" என்றேன்.

அவள் இருந்திருந்தால், இத்தனை வருஷம் நான் கத்தினேன், அப்போது கேட்கவில்லை, இப்போது ரயில் கூவினாலும் உங்களுக்குப் பேண்டா என்று கேட்டிருப்பாள். அவள் கேட்காததால் நானே அவள் குரலில் கேட்டுக்கொள்ளுவேன். பாட்டையும் நானே பாடிக்கொள்ளுவேன். தன்னைத் தானே கேலி செய்துகொள்வது லேசான வேலை இல்லை. அதற்குக்கூட ஒரு துணை வேண்டியிருக்கிறது.

இப்படி இருக்கையில் ஒரு காரியம் செய்யத் தொடங்கினேன். என் வாசலில் கேட்காத மெட்டு வேறு தெருவில் கேட்காதா என்று போக ஆரம்பித்தேன். எந்தக் கல்யாண வீடானாலும் சரி, சொந்தமோ பந்தமோ இல்லாவிட்டாலும் சரி, வேலை முடிந்து குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பந்தலோரமாக நிற்பேன். பேண்டு போகிற தூரம் கூடவே போவேன். மாஸ்டர் அந்த மெட்டை மட்டும் எங்கேயும் எடுக்கவே இல்லை. அது அவளுக்கானது என்று பெட்டியில் பூட்டிவிட்டார் போலிருக்கிறது.

மனைவியை இழந்தவன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கல்யாண வீடு கல்யாண வீடாகப் போய் நின்றால் ஊர் என்ன நினைக்கும்? எனக்கு இது தோன்றவே இல்லை. என் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த என் அக்காளுக்குத் தோன்றிவிட்டது. கைம்பெண், என்னைவிட மூத்தவள். அவள் வாயைத் தாண்டி ஊர் எனக்கு எதையும் சொல்ல முடியாது.

"டேய், கெணத்தடியில பேச்சு தாங்கல. மேஸ்திரி பொண்ணு பாக்க ஆரம்பிச்சிட்டாராமே. எனக்குச் சொல்லக் கூடாதா? நானும் கூட வந்து பாக்க மாட்டேனா?"

"பொண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேண்டு கேக்கப் போறேன்."

"அத அவ இருந்தப்ப கேட்டிருக்கலாம். வூட்டு வாசல்லயே வாசிச்சாங்க. ஒரு நாளு எழுந்து வந்தியா நீ?"

பட்டை போட்ட மேளம்போல உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உபதேசியார் என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். குடியாத்தத்தில் ஒரு விதவை இருப்பதாகவும், நல்ல விசுவாசி என்றும், அடக்கமானவள் என்றும், கீர்த்தனை பாடினால் கோயிலே நிறைந்துவிடும் என்றும் சொன்னார். எனக்கு இசையில் புதிதாக நாட்டம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டாராம். நான் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அதையும் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். பாவம், அவர் நல்ல மனிதர்தான்.

சித்திரையில் கிணற்றடியிலிருந்து வேறொரு செய்தி வந்தது. மாஸ்டரின் மகள் பெங்களூரில் வாழ்க்கைப்பட்டவள். அப்பாவைக் கூடவே வைத்துக்கொள்ளப் போகிறாள். வைகாசி முகூர்த்தங்கள் முடிந்ததும் அவர் கிளம்பிவிடுவார். பேண்டு நிற்காது, கிளாரினெட்டை வேறொருவர் வாங்கிக்கொள்வார். ஆனால் அந்த மெட்டு? அதை அவர் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. வருஷம் திரும்ப ஐப்பசி வரைக்கும் காத்திருந்தால், துக்கம் முடிந்த வாசல் இருக்கும், வாசிக்க மாஸ்டர் இருக்க மாட்டார்.

அன்று ராத்திரி ஜெபத்தில் நான் ஆண்டவரை அவசரப்படுத்தினேன். அப்படிச் செய்யக் கூடாது என்று தெரியும்.

அந்த வாரமே அம்மன் திருவிழாவில் கோடை மழை கொட்டி, ஊறின தோலோடு மேளக்காரன் அடித்த அடியில் பெரிய மேளம் குறுக்கே கிழிந்துபோயிற்று. இன்னொருவருடைய நஷ்டத்தை ஜெபத்துக்குப் பதில் என்று எண்ணக் கூடாது. ஆகையால் எண்ணவில்லை. ஆனால் செய்தி காதில் விழுந்ததும் செருப்பைக்கூட மாட்டாமல் மாஸ்டர் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அவர் கிழிந்த மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோல் நான் தருகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மேஸ்திரி, எங்கிட்ட பூட்ஸ் இருக்குதே" என்றார்.

"இந்தத் தரம் பட்டைத் தொட்டிப் பக்கமே போகாது. எங்க வூட்டு முத்தத்துலயே வெச்சிச் செய்யறேன்."

"அது சரி. ஆனா தோலு ஈரமா இருக்கும்போதே மேளத்துல கட்டணும். கட்டின மேளம் அங்கயே நெழல்ல காயணும். துக்க வூட்ல மேளத்த மாட்டி வெச்சிக்கிறதா?"

"மேளம் காயறதுக்கு இன்னா துக்கம்" என்றேன். அவர் மேளத்தை என் கையில் கொடுத்தார்.

சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு சாலில் வைத்து, தோலை ஊறப்போட்டு, மயிரை எடுத்து, என் கையாலேயே வழித்தேன். கை இரண்டு தரம் பழக்கதோஷத்தில் ஆவாரம்பட்டை எங்கே என்று தேடியது. அடக்கினேன். வீட்டு முற்றம் கிடங்கு மாதிரி நாறியது. காக்கைகள் கூரைமேல் கூட்டம் போட்டன. அக்காள் மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு சமையல் செய்தாள். கிடங்கில் செய்கிற வேலையைக் கிடங்கில் செய்தால் என்ன, முதலாளி துரத்திவிட்டாரா என்று என்னைக் கேட்காமல் காக்கைகளைக் கேட்டாள். ஈரத்தோலை வளையம் இட்டு மேளத்தில் கட்டி, அதை முற்றத்து நிழலில் தொங்கவிட்டதும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வருசம் திரும்பல. வூட்ல மேளம் தொங்குது. வந்து பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

"தோலு காயுதுன்னு நெனைப்பாங்க."

"குடியாத்தத்துக்காரி வர்றான்னு நெனைப்பாங்க" என்றாள்.

இங்கே காய்ந்த மேளத்தை இங்கேயே அடித்துப் பார்ப்பார்கள் என்ற என் எண்ணத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் வாய்விட்டுச் சிரிப்பாள், இல்லாவிட்டால் அழுவாள். இரண்டையும் அந்த நாற்றத்துக்கு நடுவே என்னால் பார்த்திருக்க முடியாது.

வைகாசிக் கடைசி முகூர்த்தத்தன்று காலையில் அவர்கள் மேளத்தை எடுத்துப்போக வந்தார்கள். அடுத்த தெருவில் கல்யாணம், ஆகையால் சிவப்புச் சட்டையோடு முழு வரிசையும் வந்திருந்தது. மாஸ்டர் மறுவாரம் பெங்களூருக்கு ரயிலேறுகிறார். வானம் மூட்டமாக இருந்தது. ஈரக்காற்று பட்டால் தோல் தளர்ந்துவிடும் என்று ராத்திரியிலிருந்து எனக்குப் பயம். பயந்தபடியே ஆயிற்று. மாஸ்டர் விரல் நகத்தால் மேளத்தைச் சுண்டினார். தூக்கக் கலக்கத்தில் யாரோ 'உம்' கொட்டியது போலிருந்தது. ஜால்ராக்காரர் அடுத்தவர் காதில் என்னவோ சொல்ல, இருவரும் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். பூட்ஸ் என்றுதான் சொல்லியிருப்பார்.

மாஸ்டர் அவசரப்படவில்லை. வைக்கோல் கேட்டார். முற்றத்தில் சின்னதாகத் தீ மூட்டி, மேளத்தை மேலே பிடித்து, குழந்தைக்கு ஒத்தடம் கொடுப்பதுபோலத் திருப்பித் திருப்பிக் காட்டினார். தோல் இறுகுவது கண்ணுக்கே தெரிந்தது. பிறகு எல்லாரும் வாசலுக்கு வந்தோம். மேளக்காரன் மேளத்தை மாட்டிக்கொண்டு கோலை ஓங்கினான்.

மாஸ்டர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இங்க வேணாண்டா. மோரு குடுத்த அம்மா வாசல். கெணத்தடி தாண்டிப் போய் அடிச்சிப் பாக்கலாம்" என்றார்.

கோல் இறங்கிவிட்டது. அவர்கள் வரிசையாகத் திரும்பினார்கள். இன்னும் நாலு எட்டு வைத்தால் எல்லாம் முடிந்தது. எனக்கு வாய் வரவில்லை. துக்கத்தில் இருக்கிற புருஷன், வாசலில் பேண்டு அடி என்று எப்படிச் சொல்லுவான்? தட்டினாலும் பேசாத மேளம் யார் என்று அன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

அக்காள் எனக்குப் பின்னாலிருந்து வந்தாள்.

"எங்க போறீங்க? எங்க தோலு. எங்க வாசல்ல அடிச்சிப் பாத்து, சரியா கீதுன்னு சொல்லிட்டு எடுத்துக்கினு போங்க. கெணத்தடியில போய் அடிச்சிட்டு, தொப்புன்னு கீது, மேஸ்திரி மறுபடியும் கெடுத்துட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு வர்றதுக்கா? அவ இருந்தா வுடுவாளா?"

மாஸ்டர் திரும்பி அக்காளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக்கூட ஆட்டினேனோ இல்லையோ தெரியாது.

"அடிடா" என்றார்.

மேளக்காரன் அடித்தான். ஊரே விழித்துக்கொள்ளும்படி அது பேசியது. கூரைக் காக்கைகள் அத்தனையும் எழும்பிப் பறந்தன. என் நெஞ்செலும்பில் அந்தச் சத்தம் வந்து இடித்தது.

"மேளத்த மட்டும் அடிச்சாப் போறாது. குழலோட ஒத்து வருதான்னு பாக்கணும்" என்று மாஸ்டர் பொதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கிளாரினெட்டை வாயில் வைத்து அந்த மெட்டை எடுத்தார்.

முழுவதும் வாசித்தார்கள். அரைகுறையாக இல்லை. ஆறு பேரும் என் வாசலைப் பார்த்து நின்றுகொண்டு, முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தார்கள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதேனா என்றால் அழுதேன். வைக்கோல் புகையும் கொஞ்சம் இருந்தது.

தெரு முழுவதும் வெளியே வந்துவிட்டது. தெருமுனையில் உபதேசியார் தெரிந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தவர் என் கையைப் பற்றி, ஒரு வார்த்தை சொல்லியனுப்பாமல் இப்படிச் செய்யலாமா, பாதிரி ஐயருக்காவது தெரியுமா, பெண் எந்த ஊர் என்று மூச்சுவிடாமல் கேட்டார். அக்காள் முந்திக்கொண்டாள். கல்யாணம் இல்லை, மேளத்துக்குத் தோல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்றாள். அவர் மேளத்தைப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார். நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா? துண்டை எடுத்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டு, மெட்டு முடிகிறவரைக்கும் ஜெபத்தில் நிற்பதுபோல நின்றார்.

முடிந்ததும் அக்காள் உள்ளே போனாள். பெரிய செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தளும்பத் தளும்ப மோர். அவ்வளவு மோரை அந்த நேரத்தில் கரைத்திருக்க முடியாது. விடியற்காலையிலேயே தயிர் வாங்கிக் கடைந்து வைத்திருக்கிறாள். காக்கைகளோடு பேசிக்கொண்டிருந்தவளுக்கு என் எண்ணம் எப்போது தெரிந்தது என்று இன்றுவரைக்கும் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எல்லாரும் வரிசையாக வாங்கிக் குடித்தார்கள். மாஸ்டர் கடைசியாகக் குடித்துவிட்டுச் செம்பை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். வாசலைப் பார்த்து சலாம் வைத்தார். பிறகு மேளம் முழங்க என் வாசலிலிருந்தே ஊர்வலமாகப் புறப்பட்டுக் கிணற்றடியைத் தாண்டிப் போனார்கள்.

தெரு அடங்கியது. நானும் அக்காளும் முற்றத்துச் சாம்பலைப் பெருக்கினோம். அவள் அந்த மெட்டை முணுமுணுத்தாள். பிறகு வார்த்தையோடு பாடத் தொடங்கினாள். பட்டை போட்ட மேளம், எங்க மேஸ்திரி போட்ட மேளம். என் மனைவி அவளுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். மூன்றாவது அடிக்கு வந்ததும் அக்காள் நிறுத்திவிட்டாள்.

"இனிமே இந்தப் பாட்ட எப்படிப் பாடறது? மேளந்தான் பேசிட்டுதே" என்றாள்.

எனக்குத் துடைப்பம் கையில் நின்றுவிட்டது. அதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. தோல் இந்தத் தரமும் கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று ஒரு நொடி நிஜமாகவே தோன்றியது. அக்காள் என் முகத்தைப் பார்த்தாள்.

"கவலப்படாத" என்றாள். "உன்ன கேலி பண்ண இன்னும் எவ்வளவோ கீது. அத்தினியும் எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போயிருக்கா."

அவள் முதல் அடியிலிருந்து மறுபடி பாட ஆரம்பித்தாள். அடுத்த தெருவில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. நான் பெருக்கினேன்.